குடிக்காத சாரதியும் மூன்று ஐரிஷ்காரரும்

பாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற சாரதிக்கு வான் ஓட்டுகிற நேரம்தான் ஓய்வு. வான் நின்ற பிறகுதான் வேலை தொடங்கும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்தப் பாடு பட்டிருப்பீர்கள். கலியாண வீட்டுக்கு மேளகாரரை ஏற்றிப் போய், இறக்கிவிட்டு, கதிரையும் தூக்கி, கடைசியில் ஒலிவாங்கியும் பிடித்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2002இல் நான் வுப்பர்டாலில் பொதி விநியோகிக்கும் வேலையில் இருந்தேன். சொந்தமாக ஒன்பது பேர் இருக்கிற வான் ஒன்றும் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு லிண்ட்னர் என்ற பெண்மணி என்னைக் கூப்பிட்டார். அவர் சிறிய அளவில் இசை நிகழ்ச்சிகள் ஒழுங்குபண்ணுகிறவர். வசந்தத்தில் மூன்று கிழமை, இலையுதிர்காலத்தில் மூன்று கிழமை, அயர்லாந்திலிருந்து ஒரு குழு வரும், அவர்களை ஜேர்மனி முழுக்கக் கொண்டு திரியவேண்டும் என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: குடிப்பீர்களா? இல்லை என்றேன். வேலை கிடைத்தது. முந்திய இரண்டு சாரதிகளுக்கும் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குழுவில் மூன்று பேர். டோனல் ஃபிடில் வாசிப்பார். பார்வைக்கு அது வயலின்தான், ஆனால் வயலின் என்று சொன்னால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அறுபது தாண்டியவர், இளைப்பாறிய தபால்காரர். நோரா பாடுவாள், ஊரில் தையல்கடை வைத்திருந்தாள். கிற்றார் வாசிக்கிறவன் முப்பது வயதுப் பெடியன், எப்போதும் பசியோடு இருப்பவன், பெயர் கீரன். அந்தப் பெயரைச் சொன்னதும் என் மனைவி மலர் கேட்டது இதுதான்: "கீரன் எண்டால் ஆர், எங்கடை ஆளோ? அப்ப சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

முதல் ஜேர்மன்காரர்

அவர்களை நான் முதலில் கண்டது டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில். மூன்று பெயரையும் மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூவரும் என்னைக் கடந்து போனார்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கடந்து போனார்கள். மூன்றாம் தரம் நானே மட்டையோடு பின்னால் போனேன்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. எத்தனை அன்ராக் என்ற விண்ணப்பம், அதற்கு எத்தனை ரெர்மின் என்ற தவணை. கடைசியில் கையில் தந்த அலுவலரே, தந்து முடித்த கையோடு, "சரி, நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டிருந்தார். அதனால் விமான நிலையத்தில் நோரா மட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது, அதே கேள்விக்கு ஆயத்தமாக நின்றேன். அவள் முகத்தில் பகிடி கொஞ்சமும் இல்லை. "எங்களைக் கூட்டிப்போக ஒரு ஜேர்மன்காரர் வருவார் என்று சொன்னார்கள். அது நீங்கள்தானே?"

ஐந்நூறு

முதல் கிழமை முழுக்க மண்டபத்தின் பின்பக்கம் சீடி விற்கிற மேசையில் இருந்து கேட்டேன். உண்மையைச் சொன்னால், இரண்டு மணிநேரமும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாம் ஆட்டத்துக்கு வாசிக்கிற துரித மெட்டுகள். ஒன்றை மூன்று தரம் திருப்பி வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் வானில் சீடி போட்டபோது அது சிக்கிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்துத் துடைத்தும் பார்த்தேன். பின்னால் இருந்த கீரன் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

டோனல் எப்போதும் முன் ஆசனத்தில் என் பக்கத்தில் இருப்பார். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன், எல்லாம் ஒன்றுபோலவே கேட்கிறதே, என் காதில் பிழையா என்று. கோபிக்கவில்லை. புதினா இனிப்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு சொன்னார்: "முதல் ஐந்நூறு மெட்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும். அதற்குப் பிறகு வித்தியாசம் தெரியத் தொடங்கும்."

கைதட்டல்

ஹனோவரில் ஒரு தேவாலய மண்டபம், இருநூறு பேர். துரித மெட்டு ஒன்று தொடங்கியதும் சனம் எல்லாம் சேர்ந்து கைதட்டத் தொடங்கியது. அன்பாகத்தான் தட்டினார்கள். ஆனால் படை நடக்கிறமாதிரி, ஒவ்வொரு அடியும் நிலத்தில் ஊன்றி விழுகிற தட்டு. டோனல் அதிலிருந்து தப்ப வேகத்தைக் கூட்டினார். அவர்களும் கூட்டினார்கள். குறைத்தார். அவர்கள் குறைக்கவில்லை. கீரன் கிற்றாரைப் பலமாக அடித்து நடுவில் பாலம் போடப் பார்த்தான். மேடை ஒரு தெருவாலும் மண்டபம் இன்னொரு தெருவாலும் போய், எப்படியோ ஒரே சந்தியில் வந்து முடித்தார்கள்.

இடைவேளையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் மேசைக்கு வந்து இரண்டு சீடி வாங்கினார். மிச்சத்தை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, வைத்தியர் கெட்ட செய்தி சொல்கிறமாதிரி மெல்லக் குனிந்து சொன்னார்: "நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் எங்களோடு சேர்ந்து வர அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது போல."

வடக்குப் பக்கம்

சீடி மேசையில் இருக்கிறவனும் குழுவின் ஆள்தான் என்று சனம் நினைக்கும். ஒரு பெண்மணி என்னிடம், நீங்களும் அந்தத் தீவிலிருந்துதான் வந்தீர்களா என்று கேட்டார். தீவுதானே, ஓம் என்றேன். எந்தப் பக்கம்? வடக்கு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வடக்கில் எவ்வளவு காலமாகப் பிரச்சினை, எத்தனை உயிர் போய்விட்டது என்றார். நான் தலையாட்டினேன். இப்போது சமாதானம் என்று கேள்விப்பட்டேன், உண்மையா என்றார். உண்மைதான், பாதை திறந்துவிட்டார்கள், சனம் போய்வருகிறது, அண்ணன் போன கிழமை கடிதம் போட்டிருந்தார் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கொஞ்சம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் உங்கள் ஊரில் ஆட்டுக்கம்பளி நல்ல மலிவாமே என்று கேட்டார். அவர் அயர்லாந்தைத்தான் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அதுவரை நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை, திருத்தப்போனால் அவருக்குத்தான் சங்கடம். அதனால் கம்பளியைப் பற்றித் தெரியாது என்று மட்டும் சொன்னேன். போகிற நேரம் என் கையைப் பிடித்துக் குலுக்கி, முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மழை மட்டும்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வடக்கில் வெயிலும் இருக்கிறது போல."

போத்தலில் என்ன

ஒரு நவம்பரில் நோராவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் பாடுகிறதில் பாதிக்கு வாத்தியமே இல்லை. மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க, தனியக் குரலை மட்டும் வைத்துப் பாடுவாள். அந்தக் குரல்தான் போய்விட்டது. இன்னும் ஆறு நிகழ்ச்சி இருந்தது. மலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வுப்பர்டாலைக் கடக்கிறபோது மலர் கொத்தமல்லி, இஞ்சி, மிளகு எல்லாம் வறுத்து இடித்து அவித்து, ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய ஆயத்தமாக வைத்திருந்தாள். சீனி போடவில்லை. போட்டால் வேலை செய்யாதாம்.

நோரா அந்தப் போத்தலை மேடையில் ஒரு முக்காலியில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் ஒரு மிடறு. முகம் கோணும், கண்ணில் தண்ணி வரும், ஒரு நிமிசம் அப்படியே நிற்பாள். பிறகு பாடுவாள். குரல் கரகரப்பாக இருந்தாலும் வந்தது. ஊசி விழுந்தாலும் கேட்கிறமாதிரி மண்டபம் அடங்கியிருந்தது. நிகழ்ச்சி முடிய ஒரு தாடிக்காரர் என்னிடம் வந்து, அது என்ன வகை விஸ்கி, எங்கே வாங்கலாம் என்றார். மல்லித்தண்ணி என்று நான் எவ்வளவோ விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தோளில் தட்டினார். "சரி, பெயரைச் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு விளங்குகிறது."

மூன்றுக்கு மூன்று

மலைப்பக்கத்தில் ஒரு கிராமம். பனி கொட்டி வீதி மூடும் தறுவாயில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எண்பது கதிரை போட்டிருந்தார்கள். தொடங்குகிற நேரத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆள், தடித்த கோட்டுப் போட்ட ஒரு மனிதர். நடுவரிசையில் நடுக்கதிரையில் போய் இருந்தார்.

கீரனிடம் ஒரு சட்டம் இருந்தது: மேடையில் இருக்கிறவர்களைவிடக் கீழே இருக்கிறவர்கள் குறைவென்றால் வாசிக்கத் தேவையில்லை. டோனல் அதை மறுக்கவில்லை. என்னை மேசையை விட்டு எழுப்பி முன்வரிசையில் இருத்தினார். மண்டபத்தைப் பூட்டத் திறப்பு வைத்திருந்தவரைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தில் இருத்தினார். மூன்றுக்கு மூன்று. இரண்டு மணிநேரமும், ஒரு பாட்டும் குறையாமல் நடந்தது. நோரா ஒரு நகைச்சுவைப் பாட்டுப் பாடி, பல்லவிக்கு எங்களையும் கூடப் பாட வைத்தாள். சபையில் மூன்றில் ஒரு பங்கு நான் என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் ஏலாமல் போய்விட்டது.

எல்லாம் முடிந்து மூவரும் குனிந்து வணங்கிய பிறகும் அந்த மனிதர் எழும்பவில்லை. ஐரிஷ் இசை இவ்வளவு பிடிக்குமா என்று டோனல் கீழே இறங்கி வந்து கேட்டார். இதற்கு முன் கேட்டதே இல்லையாம். அவருடைய வீட்டில் சூடாக்கி பழுதாம். "திருத்துகிற ஆள் நாளைக்குத்தான் வருவார். இன்னும் இரண்டு வாசித்தால் நல்லது."

காலுறை

இது என் பிழை, சொல்லாமல் விடலாம், ஆனால் நீங்களும் இதைப்போல ஒன்று செய்திருப்பீர்கள். ஹனோவரிலிருந்து ஹாலேக்குப் போகிற வழியில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினேன். கண்ணாடி துடைக்கிற தண்ணி முடிந்திருந்தது. அந்தத் தண்ணிக் கான் அடியில் இருந்ததால் சாமானை இறக்கி, அங்கே ஆட்கள் இருக்கிற மரவாங்கில் வைத்துத் தண்ணி விட்டேன். எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினேன். ஹாலேயில் மண்டபத்து வாசலில் இறக்கியபோது கிற்றார் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, சீடிப் பெட்டி இருந்தது. ஃபிடில் இல்லை. அது டோனலின் மாமன் வைத்திருந்த ஃபிடில். டோனலுக்குச் சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சீடிப் பெட்டிக்கு மேல் இருந்துவிட்டார். நிகழ்ச்சிக்கு மூன்று மணிநேரம் இருந்தது. தரிப்பிடம் நூறு கிலோமீற்றர் பின்னுக்கு.

வாங்கில் ஒன்றும் இல்லை. கடைக்குள் ஓடினேன். காசாளர் பெண், கோப்பி குடிக்க வந்த இரண்டு பொலிசாரிடம் அதைக் கொடுத்ததாகச் சொல்லி வெளியே கையைக் காட்டினாள். காரின் பின் ஆசனத்தில் கறுப்புப் பெட்டி இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். உங்களுடையதா என்றார் பொலிசு. இல்லை என்றேன். அப்படியென்றால் யாருடையது? ஒரு ஐரிஷ்காரருடையது. அவர் எங்கே? ஹாலேயில். நீங்கள் யார்? சாரதி. வாசித்துக் காட்டுவீர்களா? வாசிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கே என்னில் நம்பிக்கை குறைந்துகொண்டு போனது.

கடைசியில், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நான் இரண்டு வருசமாகத் தூக்கித் திரிகிற பெட்டி. மூடியின் உள்பக்கத்தில் தபால் சைக்கிளோடு ஒரு நாய் நிற்கிற படம், வில்லில் பூசிப் பாதி தேய்ந்த குங்கிலியக் கட்டி, புதினா இனிப்பு ஒரு பக்கெற், ஃபிடிலின் கழுத்தில் ஒரு கம்பளிக் காலுறை, பச்சை நிறம், பெருவிரல் இடத்தில் ஓட்டை. அவர் திறந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். காலுறையை மட்டும் இரண்டு விரலால் தூக்கினார். மூடி என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி. ஆனால் இதை யாராவது ஒருதரம் தோய்க்கவேணும் என்று அவரிடம் சொல்லுங்கள்."

வாயால்

நான் திரும்பி ஹாலேக்கு வர வீதித் திருத்தம் ஒன்று வழியை மறித்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிகிற நேரம். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கக் கதவால் உள்ளே போனேன். மேடையில் டோனல் வெறுங்கையோடு நின்றார். கீரன் கிற்றார் அடிக்க, அவர் மெட்டை வாயாலே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஜதி சொல்கிறமாதிரி, பொருள் இல்லாத சொல், ஆனால் ஃபிடிலில் வருகிற ஒவ்வொரு சுழிப்பும் அதில் இருந்தது. வீட்டில் வாத்தியம் இல்லாத ஏழைகள் ஆடுவதற்கு இப்படித்தான் செய்வார்களாம். அவருடைய கால் நிலத்தில் தாளம் போட்டது. முடிந்ததும் சனம் எழும்பி நின்றது.

இடைவேளையில் பெட்டியைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். திறந்து, ஃபிடிலைத் தடவிப் பார்த்து, மூடினார். "இன்னும் ஒரு மணிநேரம் பிந்தி வந்திருக்கலாம். முப்பது வருசத்தில் இன்றைக்குத்தான் எனக்காக எழும்பி நின்றார்கள்."

தபால்காரர்

அடுத்த நாள் காலை, நிகழ்ச்சியை ஒழுங்குபண்ணிய பெண்மணி நான் தமிழன் என்று அறிந்து, உங்களுக்கு ஒன்று காட்டுகிறேன் என்று நாலு பேரையும் கூட்டிப்போனார். அந்த ஊரில் ஒரு பழைய தர்ம நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து மிஷன்காரர் அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன. தமிழில் எழுதியவையும் உண்டு. ஒன்றை என் முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். புள்ளி இல்லாத எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. வியர்த்துவிட்டது. ஐந்து நிமிசம் பிடித்து ஒரு வரியை வாசித்தேன். எழுதியவர் தான் சுகம் என்று சொல்லி, அங்கே எல்லாரும் சுகமா என்று கேட்டிருந்தார். அதைச் சொன்னதும் நோரா, அவளுடைய அம்மாவும் அப்படித்தான் எழுதுவாள் என்றாள்.

டோனல் கடிதத்தை விட்டுவிட்டு அதன் வெளிப்பக்கத்தில் இட்ட அடையாளங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது கப்பலில் வந்து சேர எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று கேட்டார். காற்றைப் பொறுத்து அரை வருசம், சிலவேளை ஒரு வருசமும் ஆகும் என்றார்கள். விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அப்படியென்றால் என்னைப் பற்றி எங்கள் ஊரில் எழுதிய முறைப்பாடெல்லாம் அநியாயம்."

ராசன் அண்ணையின் தீர்ப்பு

வுப்பர்டாலில் நிகழ்ச்சி வந்தபோது ராசன் அண்ணையைக் கூட்டிப் போனேன். ஊரில் முறையாகச் சங்கீதம் படித்தவர். இங்கே கோயிலில் யார் சுருதி தப்பினாலும் முதலில் திரும்பிப் பார்க்கிறவர். டோனல் ஃபிடிலை நாடிக்குக் கீழே வைக்காமல் நெஞ்சில் சாய்த்துப் பிடித்ததும், எங்கள் முறைதானே என்று அண்ணை என்னைப் பார்த்தார். நிலத்தில் இருந்து வாசிக்காமல் கதிரையில் இருந்து வாசிக்கிறதைக்கூட மன்னித்துவிட்டார். பிறகு தொடையில் தாளம் போடத் தொடங்கினார். அரைமணிநேரம் ஒருதரமும் பிசகவில்லை. முகத்திலும் ஒரு சந்தோசம் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் பாதியும் முடிந்து, கடைசிப் பாட்டும் முடிந்து, சனம் கோட்டைத் தேடுகிறபோதும் அண்ணை அசையாமல் இருந்தார். எப்படி அண்ணை என்று கேட்டேன். "நல்ல விறுவிறுப்பு, குறை சொல்ல ஏலாது. ஆனால் எல்லாம் தில்லானாவாய்க் கிடக்குது. கச்சேரி எப்ப தொடங்குவினம்?"

குணம்

ஊரில் திரும்பவும் சண்டை மூண்டு பாதையைப் பூட்டின இலையுதிர்காலம் அது. அண்ணன் குணத்தோடு கதைத்து ஐந்து கிழமை ஆகியிருந்தது. தொலைபேசி அடிக்கும், எடுக்க ஆள் இல்லை. பிறகு அடிக்கிறதும் நின்றுவிட்டது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்கி அடித்துப் பார்த்துவிட்டு வந்து ஏறுவேன். நோரா மட்டும் ஒருதரம் கேட்டாள், சொன்னேன். டோனல் கேட்கவில்லை. அன்று பின்னேரம் மேடைக்குப் போக முன், அண்ணனின் பெயரை எப்படிச் சொல்கிறது என்று மட்டும் கேட்டார். மூன்று நாலு தரம் சொல்லிப் பார்த்தார்.

மேடையில் அவர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத் தன் உடைந்த ஜேர்மனில் சொன்னார்: இது குணத்துக்கு. எங்கள் சாரதியின் அண்ணன். அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். பிறகு ஆட்டத்துக்கில்லாத, மெல்லிய, நீண்ட ஒரு மெட்டைத் தனியாக வாசித்தார். நான் மேசையில் இருந்த சீடிகளை நேராக அடுக்கினேன். அடுக்கினதையே திருப்பி அடுக்கினேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அண்ணனே தொலைபேசியில் கூப்பிட்டார். இடம்பெயர்ந்து வேறொருவர் வீட்டில் எல்லாருமாக இருக்கிறார்களாம், சுகமாம். உனக்காக ஒரு ஐரிஷ்காரர் ஃபிடில் வாசித்தவர் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பிறகு அண்ணன் சொன்னார்: "எனக்கு இஞ்சை ஒண்டும் கேக்கேல்லையடா தம்பி. இன்னொருக்கா, கொஞ்சம் பலமாய் வாசிக்கச் சொல்லு."

இப்போது நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் தங்கள் சாமானைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் தாங்களே இறங்கிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் அந்த வேலையில் எனக்குள்ள ஒரே குறை.